இருவாச்சியின் இல்லறம்

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் பாலக்காட்டுக்காரர் அங்கே போகவேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கு வந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுச் சாலையில்தான் மலையேற வேண்டும். இரண்டு மாநிலத்துச் சோதனைச்சாவடிகளிலும் நின்று பதில் சொல்லாமல் இந்த எல்லையைத் தினமும் கடந்து போய்வருகிறது இருவாச்சி. மலையாளத்தில் வேழாம்பல். கேரளத்தின் மாநிலப் பறவை. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, இந்தக் காட்டின் முதுமரம் ஒன்றின் பொந்துக்குள் பெண் இருவாச்சி நுழைந்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம் வைக்கும். அன்றிலிருந்து பல வாரங்களுக்கு, அந்தக் கீற்றின் வழியே ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு.

கல்யாணத்தால் என்ன லாபம் என்று இப்போது இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள். பெற்றவர்கள் சொல்லும் பதில் சுற்றிச் சுற்றி, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதில் போய் நிற்கிறது. உயிரியலிடம் இருக்கும் பதில் இதைவிடக் கறாரானது. ஒருவரால் தூக்க முடியாத சுமை இருக்கிற இடத்தில் ஜோடி நிலைக்கிறது. சுமை ஒருவர் தலையோடு முடிந்துவிடுகிற இடத்தில் ஜோடிக்கு அவ்வளவாக வேலையில்லை. இந்த இரண்டையும் ஒரே மலைத்தொடரில் பார்த்துவிடலாம். ஆனைமலையின் பாலக்காட்டுப் பக்கம் இருவாச்சி. இடுக்கிப் பக்கம் வரையாடு.

முதலில் இருவாச்சி. மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கும் நான்கு வகை இருவாச்சிகளையும் பரம்பிக்குளத்தை ஒட்டிய வாழச்சால் வட்டாரத்தில் காணலாம். அவற்றில் மிகப் பெரியது பெரும் இருவாச்சி. நீளம் மூன்றடிக்கு மேல், எடை 2 முதல் 4 கிலோ. ஆணையும் பெண்ணையும் கண்ணைப் பார்த்தே பிரித்துவிடலாம்: ஆணின் கண்மணியைச் சுற்றிச் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. 1990-களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் என்ற ஆய்வாளர் ஆனைமலைக் காடுகளில் தங்கி இதன் கூடுகளைக் கவனித்தார். டக்ளஸ் ஜேம்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1997-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. தென்னிந்தியாவில் இந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த ஆய்வைத் தொடாமல் போக முடியாது.

வாசலை அடைக்கும் சாந்து எச்சம், பழச்சக்கை, மண் கலந்தது. காய்ந்தால் நன்றாக இறுகிவிடும். உள்ளே ஒன்றிரண்டு முட்டை. அடைகாக்க ஏறத்தாழ 40 நாள். பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சுதான் கடைசியில் பறக்கும். வீடு அடைத்துக் கிடந்தாலும் நாறுவதில்லை. தாய் அந்தக் கீற்றில் பின்புறத்தை வைத்து எச்சத்தை வெளியே பீய்ச்சிவிடும். கண் திறந்த குஞ்சும் சீக்கிரமே அதைக் கற்றுக்கொள்கிறது. அதனால் கூட்டு மரத்தடியில் விதைகள் குவிந்து, நாற்றங்கால் போட்டதுபோல் முளைத்துக் கிடக்கும். காட்டில் கூட்டைத் தேடிப் போகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன் கீழே தரையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆணின் வேலை இன்னும் சுவாரசியம். அத்தி மரங்களுக்குப் போய் டஜன் கணக்கில் பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வரும். நேரே கூட்டில் போய் இறங்காது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே வரவழைத்து, அலகு நுனியில் ஏந்திக் கீற்றுக்குள் நீட்டும். அவ்வளவு பெரிய அலகு, அவ்வளவு சின்னப் பழம். ஒன்றுகூடத் தவறாமல் கைமாறுவதைப் பார்த்தால் அலகா விரலா என்று சந்தேகம் வரும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் சாந்தை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உள்ளே தனியாக இருக்கும் குஞ்சு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, உடைந்த வாசலைத் தானே மறுபடி பூசிக்கொள்ளும். அதன்பின் இருவருமாக ஊட்டுகிறார்கள். மொத்தம் நான்கு மாதம் போல ஆகும் இந்தக் கதை, தென்மேற்கு மழை இறங்குவதற்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு கெடுபிடியான ஏற்பாடு எதற்காக? மரநாய், பாம்பு போன்ற திருடர்களுக்குப் பயந்து என்பது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு. பல இருவாச்சி இனங்களில், பொந்துக்குள் இருக்கும் காலத்திலேயே பெண் தன் சிறகிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. அதாவது பறக்க முடியாத காலத்தையும் பிள்ளை பெறும் காலத்தையும் ஒன்றாக்கி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே முறை அடைபடுகிறது. இந்தச் சிக்கனம் ஆண் நம்பகமானவன் என்றால் மட்டுமே பலிக்கும். அவன் இரண்டு குடும்பம் வைத்தால் இரண்டுமே பட்டினி. ஆணின் பக்கத்திலும் லாபம் இல்லாமலில்லை: உள்ளே இருக்கும் குஞ்சு தன்னுடையதா என்ற கவலை அவனுக்குக் குறைவு.

ஜோடியாகத் திரியும் பறவைகளெல்லாம் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். பறவை இனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஜோடி வாழ்க்கை வாழ்பவை என்று பறவையியலாளர் டேவிட் லாக் 1968-இல் எழுதினார். மரபணுச் சோதனை வந்த பிறகு அந்தப் பெருமை கொஞ்சம் கலைந்தது. பல இனங்களின் கூட்டில் பக்கத்து வீட்டுக்காரனின் குஞ்சும் இருந்தது. இருவாச்சிக் குடும்பம் இந்தச் சோதனையிலும் பாஸ். நமீபியாவில் வாழும் மான்டேரோ இருவாச்சியின் குஞ்சுகளைச் சோதித்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பிறன் பிள்ளை ஒன்றுகூட அகப்படவில்லை. அடைபட்ட தாயும் நாள் முழுக்கப் பழம் சுமக்கும் தகப்பனுமாக இருக்கும்போது ஊர்மேய நேரம் எங்கே இருக்கிறது?

இனி இடுக்கிப் பக்கம். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறினால் இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும். உலகத்தில் வரையாடு மிக அதிகமாக வாழும் இடம் இதுதான். 2025-இல் கேரளமும் தமிழ்நாடும் ஒரே சமயத்தில் நடத்திய கணக்கெடுப்பில் இங்கே மட்டும் 800-க்கும் மேல் தேறின. இவற்றுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. தென்மேற்கு மழைக்காலத்தில் கிடாக்கள் கொம்பு முட்டிச் சண்டை போடும். ஜெயித்தவன் மந்தையோடு சேர்வான். பருவம் முடிந்ததும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான். ஆறு மாதம் கழித்து, ஜனவரி, பிப்ரவரியில் பெண்ணாடு குட்டி போடும்போது அவனை அந்தப் பக்கம் காணமுடியாது. அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. பிறந்து கொஞ்ச நேரத்தில் குட்டி எழுந்து நிற்கிறது, சில நாளில் பாறையில் தாவுகிறது, பால் தாயிடம் இருக்கிறது, புல் தரையில் இருக்கிறது. தகப்பன் வந்து செய்ய வேண்டியது என்ன?

பாலூட்டிகளில் பெரும்பான்மை இந்தக் கட்சிதான். டீட்டர் லூகாஸும் டிம் கிளட்டன்-பிராக்கும் 2,500-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை அலசி 2013-இல் எழுதிய ஆய்வின்படி, ஜோடி வாழ்க்கை உள்ளவை சுமார் 9 சதவீதமே. பெண்கள் ஒருவரை ஒருவர் சகிக்காமல் தூரத்தூர வாழும் இனங்களில், ஒரு ஆணால் ஒரு பெண்ணுக்கு மேல் காவல் காக்க முடியாமல் போனதுதான் அங்கே ஜோடிக்குத் தொடக்கம் என்பது அவர்கள் முடிவு. தகப்பன் பிள்ளை தூக்க ஆரம்பித்ததெல்லாம் அதற்குப் பிறகு. காவலுக்கு நின்றவன் வேலைக்காரனாகத் தேறினான் என்று வைத்துக்கொள்ளலாம். தேறிய பிறகு அவனை விட மனமில்லாமல் அந்த ஏற்பாடு நிலைத்தது.

நிலைக்க வைக்கும் பசை எது என்று தேடியவர்கள் அமெரிக்கப் புல்வெளியில் வாழும் வோல் என்ற சிறு எலியிடம் போனார்கள். ஒருமுறை ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாத எலி அது. சூ கார்ட்டர் போன்றவர்களின் ஆய்வுகள் ஆக்ஸிடோசினையும் வாஸோபிரெஸினையும் கைகாட்டின. பத்திரிகைகள் உடனே ‘காதல் ஹார்மோன்’ என்று தலைப்புப் போட்டன. ஸ்ப்ரே பாட்டிலில் அடைத்துக்கூட விற்றார்கள். 2023-இல் வந்த சோதனை அந்த ஆரவாரத்தைக் கொஞ்சம் அடக்கிவிட்டது. ஆக்ஸிடோசின் ஏற்பிக்கான மரபணுவையே வெட்டிவிட்டு வளர்த்த வோல்களும் வழக்கம்போல் ஜோடி சேர்ந்தன. ஒற்றைச் சாவியில் திறக்கிற பூட்டு இல்லை அது.

மறுபடி இருவாச்சிக்கு வருவோம். அதன் ஏற்பாட்டில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 2018-இல் அதிரப்பள்ளிக் காட்டுச் சாலையில் ஆண் இருவாச்சி ஒன்று வண்டி அடிபட்டுச் செத்துக் கிடந்தது. கூட்டுக்கு இரை கொண்டுபோகும் பருவம். அதைப் பார்த்த இயற்கை ஆர்வலர் ஒருவருக்கு அடுத்தது என்ன என்று உடனே புரிந்துவிட்டது: எங்கோ ஒரு பொந்தில் ஒரு குடும்பம் கீற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வனத்துறையினரோடு சேர்ந்து தேடிக் கூட்டைக் கண்டுபிடித்தார்கள். மரமேறி, செத்த தகப்பனின் இடத்திலிருந்து மனிதர்கள் இரை கொடுத்தார்கள். அந்தக் காடுகளில் வாழும் காடர்களுக்கு இருவாச்சியின் கூடுகள் அத்துப்படி. ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுத்துத் தின்றவர்கள்தான். 2004, 2005 வாக்கிலிருந்து அவர்களையே கூட்டுக் காவலர்களாக வைத்து நடத்தப்படும் பாதுகாப்புப் பணியைப் பற்றி கே.எச். அமிதா பச்சன் குழுவினர் 2011-இல் எழுதினார்கள். ஆமாம், பெயர் அதுதான்; இவர் தாவரவியல்காரர்.

மனிதக் குழந்தை எந்தக் கட்சி? பால் தாயிடம் இருக்கிறது, அந்த வகையில் வரையாடு. ஆனால் எழுந்து நிற்க ஒரு வருஷம், சம்பாதிக்க இருபது வருஷம். அந்த வகையில் இருவாச்சியையும் தாண்டிவிட்டோம். இந்தச் சுமைக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தால்கூடப் போதாது, பாட்டி, அத்தை, பக்கத்து வீடு என்று பல கைகள் சேர்ந்துதான் மனித இனம் பிழைத்தது என்பது மானுடவியலாளர் சாரா ஹிர்டியின் வாதம். மூணாறு எஸ்டேட்டுகளுக்குப் போனால் அந்த வாதத்தைக் காலையிலேயே பார்க்கலாம். லயத்திலிருந்து இறங்கும் பெண் கைக்குழந்தையைக் காப்பகத்து ஆயாவிடமோ மாமியாரிடமோ விட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவாள். கணவன் மருந்தடிக்கவோ ஃபாக்டரிக்கோ போயிருப்பான். 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை பார்க்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் போட்டவர்கள் உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கை போதாது என்று தெரிந்திருந்தால் போதும்.

தகப்பனாவது ஆணின் உடம்பையும் மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 2005-இலும் 2009-இலும் சோதித்தார்கள். இடையில் கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமாவது பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. வீரம் போய்விட்டதே என்று யாரும் கலங்க வேண்டாம். கொம்பு முட்டும் வேலையிலிருந்து பழம் சுமக்கும் வேலைக்கு உடம்பே இடமாற்றல் உத்தரவு போடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த லாபக் கேள்விக்கு நேராக வருவோம். லண்டன் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பணியிலிருந்த வில்லியம் ஃபார் 1858-இல் பிரான்ஸ் நாட்டு இறப்புக் கணக்குகளை எடுத்து, மணமானவர், மணமாகாதவர், துணையை இழந்தவர் என்று மூன்றாகப் பிரித்தார். மணமானவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். இருபது வயதுக்கு முன்பே மணமுடித்தவர்களுக்கு மட்டும் இந்த லாபம் கிடைக்கவில்லை. அவர்கள் சீக்கிரம் செத்தார்கள். பால்யவிவாகத்துக்குப் பரிந்து பேசும் பெரியவர்கள் யாராவது இன்னும் மிச்சமிருந்தால் அந்தப் பத்தியை அவர்களிடம் காட்டலாம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஆரோக்கியமானவருக்கும் வசதியுள்ளவருக்கும்தான் வரன் சுலபமாக அமைகிறது. அப்படியானால் கல்யாணம் ஆயுளைக் கொடுத்ததா, ஆயுள் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்களா? ஏறக்குறைய எல்லோரும் மணமுடித்துவிடும் நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இங்கே தனித்து நிற்பவர் வறுமையாலோ நோயாலோ செவ்வாய் தோஷத்தாலோ நின்றவராக இருக்கலாம். அவரை வைத்துக் கல்யாணத்தின் பலனை அளப்பது நியாயமாகாது. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள்: துணை இருக்கும்போதும் இல்லாமல் போனபோதும் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. மணமானவர்களுக்கு நோய் பரவுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது, சரியான சிகிச்சை கிடைத்தது, இறப்பும் குறைந்தது. காரணம் எந்த மந்திரமும் இல்லை. ‘என்ன, ரெண்டு வாரமா இருமிக்கிட்டே இருக்கீங்க, டாக்டர்கிட்டப் போகலாம் வாங்க’ என்று இழுத்துக்கொண்டு போக ஒரு ஆள் வீட்டில் இருக்கிறது. இந்தப் பலன் பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாகக் கிடைத்தது. யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

கூடவே இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் 42 தம்பதிகளை ஆய்வகத்தில் தங்கவைத்து, கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவர்கள் பேசிக்கொள்வதையும் புண் ஆறுவதையும் கவனித்தார். எரிந்து விழுந்துகொண்டே இருந்த தம்பதிகளின் புண் மற்றவர்களின் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. 2005-இல் வெளிவந்த முடிவு இது. மோசமான கல்யாணம் மனசோடு நின்றுவிடுவதில்லை, தோலுக்கும் தெரிகிறது. ‘எப்படியாவது ஒரு கழுத்தில் கட்டிவிட்டால் சரி’ என்பவர்களுக்கு அறிவியலிடமிருந்து ஒரு ஆதரவும் கிடைக்காது. தாலிக்கு ஆயுளைக் கூட்டும் சக்தி இல்லை. பழம் வந்து சேருகிற வரைக்கும்தான் பொந்துக்குள் அடைபட்டதற்கு அர்த்தம்.

துணையை இழப்பதன் விலையை 1963-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு அளந்தது. மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்பவர்களைவிட 40 சதவீதம் அதிகம். பிறகு மெல்ல மெல்ல வழக்கமான அளவுக்கு இறங்கியது. பின்னால் வந்த பல ஆய்வுகளும், இந்த அடி பெண்களைவிட ஆண்களுக்கே பலமாக விழுவதைக் கண்டன. நாற்பது வருஷம் சமையலறைப் பக்கம் போகாதவருக்கு, மாத்திரை டப்பாவை மனைவி கையிலிருந்தே வாங்கிப் பழகியவருக்கு, துக்கத்தோடு சேர்த்துப் பட்டினியும் வந்துவிடுகிறது.

பெண்கள் நிலைமை வேறு மாதிரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கு மேல். மனைவியை இழந்து தனித்திருக்கும் ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மணமகன் மூத்தவனாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் ஒரு காரணம். பெண்கள் கூடுதலாக வாழ்வது இன்னொன்று. ஆணுக்கு மறுமணம் சுலபம் என்பது மூன்றாவது. கணவனை இழந்தவள் சமைத்துக்கொள்வாள், மாத்திரையும் போட்டுக்கொள்வாள். வருமானமும் வீட்டில் இருந்த மரியாதையும்தான் போய்விடும். எஸ்டேட் லயத்தில் அது இன்னும் வெளிப்படை. அந்த வீடு வேலையோடு சேர்ந்து வருவது. வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் இல்லாமல் போனால் கூரைக்கும் உத்தரவாதம் இல்லை.

உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் யாராவது துணையை இழந்திருந்தால், பதினாறாம் நாள் காரியத்தோடு உறவினர் எல்லோரும் பஸ் ஏறிவிடாதீர்கள். ஆணாக இருந்தால் முதல் ஆறு மாதம் அவர் மூன்று வேளை சாப்பிடுகிறாரா, பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறாரா என்று ஒருவர் தினமும் எட்டிப் பாருங்கள். பெண்ணாக இருந்தால் ரேஷன் கார்டு, பென்ஷன் விண்ணப்பம், பாங்க் கணக்கு மாற்றுவது ஆகியவற்றை அந்த முதல் மாதத்திலேயே கூட இருந்து முடித்துக் கொடுங்கள்.